கல்லாகிவிட்ட சிலிக்கான் பையை எடுத்துவிட்டு வயிற்றுச் சதைக்கு மாறலாமா?

4 பிப்ரவரி 2025, உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி

4 ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்காக இடது மார்பை முழுவதும் எடுத்துவிட்டு எனக்குச் சிலிக்கான் இம்ப்ளாண்ட் வைத்தார்கள். பிறகு 25 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். இப்போது அந்தப் பக்கம் கல்லைப் போல இறுகி, கழுத்தெலும்பை நோக்கி ஏறிவிட்டது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. பையை எடுத்துவிட்டு வயிற்றிலிருந்து சதை எடுத்து வைக்கலாம் என்று மருத்துவர் சொல்கிறார். ஏற்கெனவே 2 சிசேரியன் கண்ட வயிறு, சுகரும் இருக்கிறது. நோயில்லாத வயிற்றையும் எதற்காக அறுத்துக்கொள்ள வேண்டும் என்று மாமியார் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. மாறியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், அக்கா.

4 பிப்ரவரி, இரவு

மாறியவள் நான். மதுரை திருநகரில் இருக்கிறேன். 2016இல் இடது மார்பை எடுத்தார்கள், 2017இல் சிலிக்கான் பையை வைத்தார்கள், 2022 நவம்பரில் அந்தப் பையை நீக்கிவிட்டு அடிவயிற்றுத் தசையை அந்த இடத்தில் வைத்தார்கள். மாறியதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் யாரும் உங்களை ஆபரேஷன் தியேட்டருக்குள் அழைத்துப் போகக் கூடாது.

இறுக்கம் ஏன் வந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உடம்புக்குள் எந்த அந்நியப் பொருளை வைத்தாலும் உடல் அதைச் சுற்றி ஒரு தழும்பு உறையை வளர்த்துக்கொள்ளும். எல்லோருக்கும் அப்படித்தான்; அதில் கோளாறு ஏதுமில்லை. சிலருக்கு மட்டும் அந்த உறை தடித்துச் சுருங்கி, உள்ளேயிருக்கும் பையைப் பிழியத் தொடங்குகிறது. பை கடைசிவரை மென்மையாகவே இருக்கும், இறுகுவது உறை. கரண்ட் வைத்த மார்பில் இதற்கான வாய்ப்பு வெகுவாகக் கூடிவிடுகிறது. மருத்துவர்கள் இதைப் பேக்கர் அளவுகோலில் 4 படிகளாகச் சொல்வார்கள்: முதற்படியில் ஒன்றும் தெரியாது, இரண்டாவதில் தொட்டால் தெரியும், மூன்றாவதில் பார்த்தாலே உருவம் மாறியிருக்கும், நான்காவதில் வலியும் சேர்ந்துகொள்ளும். நான் நான்காவது படியில் 2 ஆண்டுகள் இருந்தேன். கரும்பலகையில் எழுதுவது வலக்கை என்பதால் பள்ளியில் யாருக்கும் தெரியவில்லை. பேருந்தில் இடக்கையால் மேல்கம்பியைப் பிடிக்க முடியாமல் நின்றபோதுதான் எனக்கே அதன் கடுமை விளங்கியது.

வலிக்கு முன்பே ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. 2019இல் சாரல் காலத்தில் குற்றாலம் போயிருந்தோம். ஐந்தருவியில் குளித்து, தலை துவட்டி, உடை மாற்றி, சுடச்சுட இட்லி சாப்பிட்டு முடித்த பிறகும் இடது மார்பு மட்டும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பால் பாக்கெட்டைப் போலக் குளிர்ந்தே கிடந்தது. உடம்பு முழுவதும் சூடேறி, ஒரு கைப்பிடி அளவு மட்டும் ஏறவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடிய குறையா அது?

5 பிப்ரவரி

நேற்று "அடிவயிற்றுத் தசை" என்று எழுதிவிட்டேன். தமிழாசிரியை செய்யக் கூடாத பிழை. தசை வேறு, சதை வேறு. இந்த அறுவையின் சூட்சுமமே அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

1982இல் ஹார்ட்ராம்ப் என்ற அமெரிக்க மருத்துவர் அறிவித்த பழைய முறையில், வயிற்றின் முன்பக்கம் நெடுக ஓடும் தசையையும் சேர்த்தே எடுத்து, அதன் ரத்தக்குழாய் அறாமல் தோலுக்கடியில் மேலே திருப்பிவிடுவார்கள். அதற்கு டிராம் என்று பெயர். தசை போய்விடுவதால் வயிற்றுச் சுவர் பலவீனமாகி, சிலருக்குக் குடலிறக்கம் வரும், படுக்கையிலிருந்து எழுவதே சிரமமாகும். தசையை விட்டுவிட்டு, அதனூடே துளைத்து வரும் மெல்லிய ரத்தக்குழாயை மட்டும் பிரித்தெடுத்தால் தோலும் கொழுப்பும் பிழைக்கும் என்று 1989இல் ஜப்பானியரான கோஷிமா காட்டினார். 1992இல் ராபர்ட் ஆலன் அதை மார்புக்குப் பயன்படுத்தினார். இதுவே டீப் முறை. எனக்குச் செய்தது இதுதான். ஆகவே வைத்தது சதை; தசை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "தசையை எடுப்பீர்களா, விட்டுவிடுவீர்களா?" முதுகுத் தசையைத் திருப்பி வைக்கும் முறையும் உண்டு. அது 1906இல் இத்தாலியரான தன்சினி செய்தது, இன்றும் நடக்கிறது. ஆனால் ஒல்லியான முதுகில் போதிய பருமன் கிடைக்காமல் அதற்கடியில் மறுபடியும் ஒரு சிலிக்கான் பையை வைக்க நேரிடலாம். பையிலிருந்து தப்பிக்கத்தானே மாறுகிறோம்.

5 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

சொந்தச் சதையை வைப்பது புதுமை, சிலிக்கான் பழைமை என்று நினைக்க வேண்டாம். 1895இலேயே ஜெர்மனியில் செர்னி என்ற மருத்துவர், ஒரு பெண்ணின் இடுப்புப் பக்கத்திலிருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து, அறுத்த மார்பின் இடத்தில் வைத்தார். சிலிக்கான் பை வந்தது 1962இல்.

8 பிப்ரவரி

சிசேரியனைப் பற்றி. பிகினிக் கோடு என்று அவர்கள் சொல்லும் கிடைமட்டத் தழும்பானால் பெரும்பாலும் தடையில்லை. எனக்கும் ஒன்று இருந்தது, சதை எடுத்த வெட்டிலேயே அதுவும் கரைந்துபோயிற்று. தொப்புளுக்குக் கீழே நெடுக்காக இருக்கும் தழும்பானால் ஒரு பக்கத்து ரத்தம் மறுபக்கம் கடக்காது என்பதால் திட்டத்தை மாற்ற வேண்டியிருக்கும். முன்பே தொப்பையின் தோலையும் கொழுப்பையும் வெட்டியெடுக்கும் அறுவை செய்துகொண்டவர்களுக்கு அந்தக் குழாய்கள் வெட்டுப்பட்டிருக்கும் என்பதால் இது முடியாது. எதுவானாலும் மருந்தேற்றி எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம் பார்த்துத்தான் சொல்வார்கள். என் படத்தில் தசையைத் துளைத்து வரும் குழாய்களை மருத்துவர் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்: இடப்பக்கம் 2, வலப்பக்கம் 1. சித்திரை வீதிகளைக் காட்டும் வரைபடத்தைப் போல அதை மடித்து வைத்திருக்கிறேன்.

சுகர் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். புண் ஆறுவது மார்பில் மட்டுமன்று. இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரு வெட்டு இருக்கும், தொப்புளைச் சுற்றி இன்னொன்று இருக்கும். சுகர் கட்டுக்குள் வரும்வரை தள்ளிப்போடச் சொல்லும் மருத்துவர் உங்களுக்கு நல்லது செய்கிறவர். புற்று திரும்பாமலிருக்கக் கொடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள். அது ரத்தம் உறைவதைக் கூட்டக்கூடியது என்பதால் பலர் அறுவைக்கு முன் சில வாரம் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

9 பிப்ரவரி

"மார்புக்கு மார்பும் ஆயிற்று, தொப்பையும் போயிற்று" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். 3 வாரம் கிழவியைப் போலக் கூனி நடந்தவளிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

16 பிப்ரவரி

அறுவையைப் பற்றியே எழுதும்படி கேட்டிருக்கிறீர்கள். வெளியூரில் ஒரு மருத்துவமனையில் செய்துகொண்டேன். காலை 7 மணிக்கு உள்ளே போனேன், வெளியே வந்தபோது மாலை 5. இந்த 10 மணி நேரத்தில் முதலில் பழைய பையையும் அதைச் சுற்றிய உறையையும் எடுத்தார்கள். கரண்ட் பட்டுக் காய்ந்திருந்த தோலில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். இன்னொரு குழு அதே நேரத்தில் வயிற்றில் வேலை செய்தது. பிறகு அந்தச் சதையை உடம்பிலிருந்து முழுவதுமாக அறுத்தெடுத்து, மார்பெலும்பை ஒட்டி ஓடும் ரத்தக்குழாயோடு நுண்ணோக்கியின் கீழ் தைத்தார்கள். சில மில்லிமீட்டரே அகலமுள்ள குழாய்கள். தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. சுங்குடிக்குப் புள்ளி முடிச்சுப் போடும் பெண்களின் விரல்களைச் சிறு வயதிலிருந்து பார்த்தவள் நான். இருந்தும் அந்த நூலை மருத்துவர் பின்னர் காட்டியபோது, வெள்ளைத் தாளின் மேல் வைத்துத்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

தையல் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். உண்மையில் முதல் இரவுதான் தேர்வு. சதைக்கு உயிர் இருக்கிறதா என்று மணிக்கொரு முறை செவிலியர் வந்து பார்ப்பார்: தொட்டுச் சூடு பார்ப்பார், விரலால் அழுத்தி நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பார், கையடக்கமான டாப்ளர் கருவியை ஒரு சிறு தையல் அடையாளத்தின் மேல் வைப்பார். உடனே "சுஷ்… சுஷ்…" என்று என் ரத்தம் ஓடும் ஓசை அறை முழுவதும் கேட்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் நீலம் பாரிப்பது எளிதில் தெரியாது. ஓசையும் தொடுகையும்தான் துணை.

இரவு 2 மணிக்கு வந்த செவிலியர் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். ஓசை கேட்டது, ஆனால் சதை உப்பி இறுகியிருந்தது. டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் மருத்துவரை எழுப்பினார். 40 நிமிடத்தில் மறுபடியும் தியேட்டரில் இருந்தேன். ரத்தம் உள்ளே போகிறது, வெளியேறும் சிரையில் கட்டி அடைத்திருக்கிறது. இவ்வகை அறுவையில் தமனியைவிடச் சிரையே அதிகம் தொல்லை தரும் என்பதைப் பின்னர் தெரிந்துகொண்டேன். அடைப்பை எடுத்து மறுபடி தைத்தார்கள், சதை பிழைத்தது. ஓசை கேட்கிறதே என்று அவர் போயிருந்தால் காலையில் அதை எடுத்துக் குப்பையில்தான் போட்டிருப்பார்கள்.

ஆகவே மருத்துவரின் பெயரை மட்டும் விசாரிக்காதீர்கள். இரவில் யார் விழித்திருப்பார், மணிக்கொரு முறை பார்ப்பவருக்கு இதில் பழக்கம் உண்டா, நள்ளிரவில் தியேட்டரைத் திறக்க முடியுமா என்று கேளுங்கள். நான் கேட்காமல் போனேன். அதிர்ஷ்டத்தில் தப்பினேன்.

17 பிப்ரவரி

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுப் பயந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. இப்படி வைக்கும் சதைகளில் மிகப் பெரும்பாலானவை பிழைத்துவிடுகின்றன. ஆனாலும் அடிவயிற்றிலிருந்து ஒரு முறைதான் எடுக்க முடியும். வீணானால் மறுபடி அங்கே போய்க் கேட்க முடியாது. கைமாற்றுக்குக் கொடுக்கிற நகையன்று, விற்கிற நகை.

2 மார்ச்

"சிலிக்கான் வைத்த எல்லோருக்கும் புற்றுநோய் வரும், எல்லோரும் எடுத்துவிடுங்கள்" என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். அது அப்படியன்று. மேற்பரப்பு சொரசொரப்பாகச் செய்யப்பட்ட பைகளைச் சுற்றியுள்ள உறையில் அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் வருவது கண்டறியப்பட்டது; அது மார்பகப் புற்றுநோய் அன்று. 2019 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்துத் துறை கேட்டுக்கொண்டதன் பேரில் அல்லர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகைப் பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அப்போதும் தொல்லை ஏதுமில்லாதவர்கள் அவற்றை எடுத்துவிட வேண்டும் என்று அந்தத் துறை சொல்லவில்லை. திடீர் வீக்கமோ வலியோ வந்தால் காட்டச் சொன்னது. என்னுடையது வழுவழுப்பான வகை. நான் மாறியதற்குக் காரணம் இறுக்கமே தவிர இந்த அச்சமன்று.

உங்களுடையது எந்த வகை என்பதை, பை வைத்தபோது கொடுத்த அட்டையில் பாருங்கள். நான் அதை ரேஷன் கார்டின் உறைக்குள் பத்திரமாக வைத்து, வைத்த இடத்தை மறந்து, வீட்டை இரண்டாகப் புரட்டிக் கண்டெடுத்தேன்.

பையோடு நிம்மதியாக இருப்பவர்களுக்கு: தொல்லை இல்லாவிட்டாலும் சிலிக்கான் பை உள்ளே கிழிந்திருக்கலாம், வெளியே தெரியாது. பை வைத்த 5 அல்லது 6 ஆண்டில் முதல் ஸ்கேன், பிறகு 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒரு முறை என்பது அந்த அமெரிக்கத் துறையின் அறிவுரை. இம்ப்ளாண்ட் ஆயுள் முழுவதற்குமான பொருளன்று என்று என்னிடம் 2017இல் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே வயிற்றைக் கொடுத்திருப்பேனா? கீமோ முடித்துப் புருவம்கூட இல்லாமல் இருந்தவள், சிறிய அறுவையைத்தான் கேட்டிருப்பேன். பை வைத்ததைத் தவறு என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

3 மார்ச்

செலவைப் பற்றிக் கேட்டவருக்கு. குடும்பப் பாலிசி எடுத்திருந்த நிறுவனம் "இது அழகு அறுவை" என்று ஒரு வரியில் மறுத்தது. பாலிசிப் பத்திரத்தில் விலக்குகள் பகுதியில் 08 என்று எண்ணிட்ட பிரிவை எடுத்துப் படித்தேன். விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய மறுசீரமைப்பு அந்த விலக்கில் சேராது என்று அதிலேயே இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது வாசகம் அது. அதை மேற்கோள் காட்டி, மருத்துவரின் சான்றையும் இணைத்து எழுதினேன். 6 வாரம் இழுத்தடித்துவிட்டுக் கொடுத்தார்கள். எதையும் வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

20 மார்ச்

திருத்தம். சொந்தச் சதைக்கு மாறிவிட்டால் சோதனைகளிலிருந்து விடுதலை என்று வேறொரு வாசகிக்குச் சொல்லியிருந்தேன். பாதி உண்மை. பை இல்லாததால் பை கிழிந்ததா என்று பார்க்க வேண்டாம், அவ்வளவுதான். அறுவையாகி 5 மாதத்தில் குளிக்கும்போது இடது மார்பின் மேற்புறத்தில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. சோப்பு நுரையோடு அப்படியே நின்றேன். 2016இலும் குளியலறையில்தான் கண்டுபிடித்தேன். அல்ட்ராசவுண்டு எடுத்து, ஊசி போட்டுப் பரிசோதித்து, முடிவு வர ஒரு வாரமாயிற்று. ரத்தம் சரியாக எட்டாத ஓரத்துக் கொழுப்பு மடிந்து கெட்டிப்பட்டிருந்தது, புற்று இல்லை. இது பலருக்கு வருவது என்று முன்கூட்டியே யாரேனும் சொல்லியிருந்தால் அந்த வாரம் நான் தூங்கியிருப்பேன். எனவே உங்களுக்குச் சொல்கிறேன்: வரலாம். வந்தாலும் காட்டாமல் இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. உணர்ச்சி திரும்பிவிடும் என்று நம்பி மாறாதீர்கள். சூடு இருக்கிறது, மென்மை இருக்கிறது, தொடுவது தெரிவதில்லை. ஓரங்களில் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. முதுகுவலிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொள்பவர்கள் அது மார்பின்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெந்து போனாலும் தெரியாது.

6 ஏப்ரல்

மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவரைப் பற்றி எழுதாவிட்டால் இந்தப் பேச்சு ஒருதலைப்பட்சமாகிவிடும். பாலரெங்காபுரம் புற்றுநோய் மையத்து வரிசையில் 2017இல் பழக்கமானவர். ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர். பருத்தித் துணியைச் சுருட்டி ரவிக்கைக்குள் தைத்துக்கொண்டு, விடியற்காலையில் மல்லிகை பறிக்கப் போய்விடுவார். என் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, "ஒரு மாருக்கு மூணு தடவை அறுத்துக்கிட்டியே தாயி" என்றார். கணக்கு சரிதான், நள்ளிரவுத் தியேட்டரையும் சேர்த்தால் நான்கு. பையை எடுத்துவிட்டு அப்படியே தட்டையாக விட்டுவிடுவதும் ஒரு வழி, இறுக்கமும் வலியும் அதிலும் போய்விடும். மருத்துவர்கள் அதைக் கடைசியில், குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். முதலிலேயே சொல்ல வேண்டும். மாமியாருக்கு இந்த வழியையும் சொல்லுங்கள்.

நான் ஏன் அந்த வழியில் போகவில்லை? 46 வயதில் எனக்கு அது வேண்டியிருந்தது. இதைவிட நல்ல காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

14 மே

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு வாரம் வீட்டை விட்டு நகரவில்லை, ஆகவே தாமதம். உங்கள் சிடி படத்தில் வலப்பக்கம் நல்ல குழாய் இருக்கிறதென்றும், 3 மாதச் சராசரி சுகர் இறங்கினால் ஆவணியில் செய்யலாமென்றும் சொல்லியிருப்பது நல்ல செய்தி. நீங்கள் முடிவெடுத்துவிட்டதால் இனி வாதம் வேண்டாம், சாமான்களைச் சொல்கிறேன். முன்பக்கம் பொத்தான் வைத்த பருத்தி நைட்டி 4. புண்ணில் ஊறும் நீரை வெளியேற்றும் ட்ரெயின் குழாய்களின் குடுவைகளைத் தொங்கவிட நைட்டியின் உட்புறம் துணிப்பை தைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மில்லி வந்ததென்று எழுதிவைக்க ஒரு நோட்டு. வீட்டில் சாய்வு நாற்காலி இல்லையென்றால் இரவல் வாங்குங்கள். முதல் 2 வாரம் நேராகப் படுத்தால் வயிற்றுத் தையல் இழுக்கும், முதுகுக்கும் முழங்காலுக்கும் தலையணை கொடுத்து மடங்கியே தூங்க வேண்டும். 6 வாரம் தண்ணீர்க் குடம், கிரைண்டர்க் கல், பேரப்பிள்ளை எதையும் தூக்கக் கூடாது. அக்குளில் நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுத்த கையில் ஊசியோ பிரஷர் பட்டையோ போட வந்தால், அரை மயக்கத்தில் இருந்தாலும் மறுகையை நீட்டுங்கள்.

கட்டுப் பிரித்ததும் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். மார்பின் நடுவே நீள்வட்டமாக வயிற்றுத் தோல் வேறு நிறத்தில் ஒட்டுப்போட்டதைப் போலத் தெரியும். என் மகனைச் சுமந்தபோது அடிவயிற்றில் விழுந்த வெள்ளை வரிகளில் 5, இப்போது என் மார்பில் இருக்கின்றன.

2 ஜூன்

ரவிக்கை அளவு மாறுமா என்று கேட்டிருந்தீர்கள். மாறும், ஒரு முறையன்று. முன்பெல்லாம் தையற்காரம்மாவிடம் இடப்பக்கத்துக்கு மட்டும் தனி அளவு கொடுத்துவந்தேன். அது மேலேறி நின்றதால் டார்ட்டை உயர்த்திப் பிடிப்பார். அறுவைக்குப் பின் விளக்குத்தூணில் துணி எடுத்து, இரண்டு பக்கமும் ஒரே அளவில் முதல் ரவிக்கையைத் தைத்து வாங்கினேன். 1 ஆண்டில் இடப்பக்கம் பிடித்தது. வைத்த இடம் மார்பானாலும் கொழுப்பு வயிற்றுக் கொழுப்பு; நான் பருத்தால் அதுவும் தன் பழைய புத்திப்படி முந்திக்கொண்டு பருக்கிறது. இப்போது இடப்பக்கம் அரை அங்குலம் உள்தையல் கூட விடச் சொல்கிறேன்.